றாக்கையில் ஏழு சில்லுகள்

போன கார்த்திகையில் ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக மகள் அரை மணித்தியாலம் கதைத்து முடிந்த பிறகுதான் அவர் வந்து, "மாமா, சுகமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார். அன்றைக்கு அவரே முதலில் வந்தார். பனி விழப்போகிறதாம், காருக்குப் பனிக்காலத்து டயர் போட வேண்டுமாம், பனி கரைந்ததும் பழையதை மாட்ட வேண்டுமாம். வருடத்துக்கு இரண்டு தடவை டயர்க்கடைக்காரனுக்கு அழுது முடியவில்லை என்றார்.

"நீங்கள் முப்பது வருசமா லொறி டயரோட மாரடிச்ச ஆள்தானே மாமா. சல்லி குறைவா முடிக்க ஒரு வழி சொல்லுங்களன்."

"ரிம்மோட இன்னொரு செற் வாங்கி வையுங்க மகன். டயரக் கழட்டி மாட்டத்தான் கடைக்காரன் வேணும். ரிம்மும் டயருமாச் சில்லக் கழட்டி மாட்ட நீங்களே போதும்" என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். பனியே விழாத ஊரில் இந்தக் கணக்கு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பனி இல்லாவிட்டால் என்ன, எங்களுக்கு மழை இருந்தது, போதாததற்கு யுத்தமும் இருந்தது என்றேன். மகள் குறுக்கே வந்து, "அப்பா, அந்தக் கதைய எழுதி வையுங்க. சும்மா டீவி பாத்துக்கொண்டு இருக்காம" என்றாள். மகள் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை.

நான் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். அங்கேயே ஒரு மொத்த வியாபாரக் கொம்பனியில் கிளாக்கராகச் சேர்ந்து, போக்குவரத்துப் பகுதிக்குப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். சோப்பு, தீப்பெட்டி, பற்பசை, மெழுகுதிரி என்று வீட்டுச் சாமான்களை ஊரூராகக் கொண்டுபோய்க் கடைகளுக்குக் கொடுக்கிற வேலை. எங்களிடம் ஆறு லொறிகள். ஆறும் ஒரே வகை ஜப்பான் லொறி. முதல் இரண்டு வருடத்தில் நான் கற்றதெல்லாம் பில் போடுவதும், சாமான் எண்ணுவதும், டிரைவர்மாரின் பொய்யைச் சிரித்த முகத்தோடு கேட்பதும்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முதலாளி தில்லையம்பலம் யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்து மனிதர், கொழும்பில் வெள்ளவத்தையில் குடியிருந்தார். காலை ஏழு மணிக்கு, நெற்றியில் திருநீறு காயும் முன்பே, லொறிகள் நிற்கும் வளவுக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு லொறியின் முன்சில்லிலும் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் நிற்பார். காற்றுப் பார்க்கிறாரா, கும்பிடுகிறாரா என்று யாருக்கும் தெரியாது. ஒருவரையும் ஏசமாட்டார். எதையும் முடியாது என்றும் சொல்லமாட்டார். "பாப்பம்" என்பார். சம்பள உயர்வு கேட்டால் பாப்பம். கக்கூசுக் கதவு உடைந்துவிட்டது என்றால் பாப்பம். புதிதாக வந்தவர்கள் சந்தோசமாகத் திரும்பிப் போவார்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும், ஒரு பாப்பம் என்றால் நடக்காது. "பாப்பம், பாப்பம்" என்று இரண்டு தரம் சொன்னால்தான் காரியம் ஆகும்.

டயர் விசயத்தில் அவரிடம் ஒரு முறை இருந்தது. ஐப்பசியில், ஆயுத பூசையை ஒட்டி, ஆறு லொறிக்கும் ஒரே மூச்சில் புது டயர் போடுவார். ஐயர் வந்து சந்தனம் பூசி, சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து, டிரைவர்மார் அதை நசுக்கிக்கொண்டு வெளிக்கிடுவார்கள். நான் வேதக்காரன் என்று பார்க்காமல் எனக்கும் ஒரு பொட்டு வைப்பார், சுண்டல் பொட்டலமும் தருவார். அடுத்த புது டயர் அடுத்த ஐப்பசியில்தான். இடையில் வெடித்தால், பழைய டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டி ரீபில்ட் பண்ணியதைப் போட்டுச் சமாளிக்க வேண்டும்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று நான் வெகு காலம் யோசிக்கவேயில்லை. யோசித்திருந்தால் குணபாலவின் கை தப்பியிருக்கும்.

குணபால எங்கள் மூத்த டிரைவர். ராகமைச் சிங்களவர். என்னைவிடப் பத்து வயது கூட, என்னை மல்லி, தம்பி, என்பார், நான் குணே அய்யே, குணே அண்ணன், என்பேன். யுத்தம் கடுமையாகி யாழ்ப்பாணப் பாதை மூடும்வரை அவர் வாரத்துக்கு ஒரு தடவை யாழ்ப்பாணம் போய்வந்தவர். பாதை மூடிய பிறகு லொறிகளைத் திருப்பிவிட்டோம். மூன்று லொறி மலைப்பக்கமும் தெற்கும்: ஹற்றன், இரத்தினபுரி, காலி. மற்ற மூன்றும் உலர்ந்த பக்கம்: புத்தளம், அநுராதபுரம், திருகோணமலை. குணபாலவுக்கு ஹற்றன் விழுந்தது.

ஓர் ஆனி மாதம், பகல் பதினொரு மணியிருக்கும், ஹற்றன் போகும் வழியில் கினிகத்தேனையிலிருந்து ஒரு கடைக்காரர் போன் எடுத்தார். உங்கள் லொறி வளைவில் வழுக்கிவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை, வாருங்கள் என்றார். பஸ் பிடித்துப் போனேன். வழி முழுக்க மழை, கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. லொறி பின்பக்கத்தால் மலை ஓரத்து மண்ணில் இடித்து, தெருவுக்குக் குறுக்கே நின்றது. முன்சில்லு இரண்டும் பள்ளத்தைப் பார்த்தபடி இருந்தன. வலது முன்சில்லுக்கும் விளிம்புக்கும் இடையில் நான் என் காலை வைத்துப் பார்த்தேன். இரண்டு அடி இருந்தது. தோட்டத்து ஆட்கள் நனைந்துகொண்டே சோப்புப் பெட்டிகளை ஒரு கொட்டிலுக்குள் அடுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

குணபால ஆஸ்பத்திரியில் இடது கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"பிரேக் ஹொந்தய் மல்லி. டயர் தமய் நெத்தே."

பிரேக்கில் குறையில்லை, இல்லாதது டயர்தான் என்றார். அவருக்குச் சிரிக்க முடிந்தது. எனக்கு முடியவில்லை. ஏனென்றால் டயர்ப் புத்தகம் எழுதுகிறவன் நான்.

எங்கள் கொம்பனியில் ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் சூட்டுக்கோலால் ஓர் இலக்கம் சுட்டிருக்கும். எந்த இலக்கம், எந்த லொறியில், எந்தச் சில்லில், எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதை நான் ஒரு தடித்த அட்டைப் புத்தகத்தில் எழுதி வருவேன். கொழும்புக்குத் திரும்பிய அன்றே அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு முதற்பக்கத்திலிருந்து படித்தேன். எழுதியவன்தான் நான், படித்தது அன்றைக்குத்தான். ஐப்பசியில் போட்ட டயர் தை, மாசி வெயிலில் ஓடுகிறது. பங்குனி, சித்திரையில் சுடுகிற தாரில் தேய்கிறது. வைகாசி கடைசியில் மலைப்பக்கம் பெருமழை தொடங்கும்போது பூ என்று நாங்கள் சொல்கிற வெட்டுக்கோடுகள் முழுக்க அழிந்துபோய் மொட்டையாக நிற்கிறது. முந்தைய வருடங்களையும் புரட்டினேன். பாதை மூடிய பிறகு மலைப்பக்கம் நடந்த சறுக்கல், உரசல் எல்லாமே வைகாசிக்கும் ஆடிக்கும் இடையில்தான் நடந்திருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐப்பசி என்பது யாழ்ப்பாணத்தின் மழைக்காலம். அங்கே மாரி பிறப்பது அப்போதுதான். தீபாவளிச் சாமானை ஏற்றிக்கொண்டு, மாரி மழைக்குள் வடக்கே போகப் புது டயர் வேண்டும் என்று முதலாளி ஒரு காலத்தில் சரியாகவே முடிவெடுத்திருக்கிறார். லொறிகள் இப்போது வடக்கே போவதில்லை. ஹற்றனில் ஓடுகிற லொறிக்கு நாங்கள் சுன்னாகத்து மழையைப் பார்த்து டயர் மாற்றிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். கடலையும் ரயில் பாதையையும் ஒட்டிய ஒழுங்கை. கோச்சி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி வைத்துவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். முதலாளி புத்தகத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"மலைப்பக்க லொறிக்குப் புது டயர் சித்திரையில போடுவம் ஐயா. மற்ற மூண்டுக்கும் ஐப்பசியில. வாங்கிற டயர் அதேயளவுதான். ரெண்டாப் பிரிச்சு வாங்கிறம், அவ்வளவுதான்."

"ம்."

"குணே அய்யே திரும்பி வந்தா அந்தத் தெருவிலதான ஓடப்போறார் ஐயா."

ஒரு கோச்சி போனது. பிறகு கேட்டார்.

"அப்ப, ஐப்பசியிலை பாதை திறந்தா?"

"விளங்கேல்ல ஐயா."

"ஐப்பசியிலை பாதை திறந்தா, குணபால எந்த டயரோடை யாழ்ப்பாணம் போவான்? நீ சொல்லுறபடி பாத்தா அவன்ரை லொறியிலை அப்ப அரைவாசி தேஞ்சதெல்லோ கிடக்கும்."

மற்ற லொறிகளில் ஒன்றை அனுப்பலாமே என்று வாய் வரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவராகவே சொன்னார். சுன்னாகத்தில் அவருடைய அக்கா தனியாக இருக்கிறார். தாய் தகப்பன் இல்லாத தம்பியைப் படிக்க வைத்து, தான் கலியாணம் கட்டாமல் இருந்துவிட்ட அக்கா. பாதை மூடுவதற்கு முந்திய மாதம் குணபாலவின் லொறியில் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வெளிக்கிடும்போது, பூசை முடிந்த கையோடு புது டயர் போட்டுக்கொண்டு வருகிறேன், உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பூசை வந்தது, டயரும் போட்டார், பாதை இல்லை.

"ஒவ்வொரு ஐப்பசியும் இந்த முறை திறந்திடும் எண்டுதான் போடுறன். அண்டைக்கு லொறி ஆயத்தமா நிக்காட்டி நான் அவவுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடித் தந்தார். "பாப்பம் தம்பி."

ஒரே ஒரு பாப்பம்.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் எதிர்பார்ப்பு நியாயம். குணபாலவின் கையும் நியாயம். ஒன்றைக் காப்பாற்ற மற்றதை உடைக்க வேண்டியிருந்தது. மூளை கெட்ட மனிதரென்றால் சண்டை பிடித்திருப்பேன். இவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது?

வழி கிடைத்தது மருதானையில். எங்களுக்கு டயர் மாற்றித் தருகிறவர் ரவூப் நானா. இடித்த லொறியை அவருடைய கடை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லைக் கழற்ற ஐந்து நிமிடம். அந்தச் சில்லின் ரிம்மிலிருந்து பழைய டயரை நெம்பி எடுக்கவும், புதியதைப் புகுத்தவும், காற்றடித்துச் சரிபார்க்கவும் முக்கால் மணித்தியாலம். ஓடுகிற ஆறு, மேலதிகமாக ஒன்று, ஆக ஏழு சில்லுக்கு ஒரு நாள் போய்விடும். லொறியும் டிரைவரும் கிளீனரும் அன்று முழுக்கச் சும்மா நிற்க வேண்டும்.

நானா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "லொறிய ஏன் கொண்டாந்து மெனக்கெடுறீங்க? பழைய ரிம் ஒரு செட்டு என்கிட்ட கெடக்குது. எடுத்துட்டுப் போங்க. டயர மாட்டி வச்சிக்கிட்டா ஒங்க வளவுலயே மாத்திக்கலாம், லொறி ஒரு நாளும் நிக்காது."

எனக்கு வாங்கிலிருந்து எழும்பத் தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாமல் செவ்வாய்க்கிழமையே முதலாளியைக் காலை ஏழு மணிக்கு வளவில் பிடித்தேன்.

"ஐயா, ஏழு ரிம் வாங்குவம். ஏழிலயும் நல்ல டயர் மாட்டி, வளவில ஒரு தட்டு றாக்கை அடிச்சு அதில தயாரா வைப்பம். எண்டைக்குப் பாதை திறந்தாலும், எந்த மாசமெண்டாலும், ஒரு மணித்தியாலத்தில மாத்தி அனுப்பலாம். இதுக்கு ஐப்பசியும் வேண்டாம், சித்திரையும் வேண்டாம். மலைப்பக்க லொறிக்குப் பயமில்லாமச் சித்திரையிலயே போடலாம்."

"எந்த லொறிக்கு?"

"எந்த லொறிக்கும் பொருந்தும் ஐயா. ஆறும் ஒரே ரிம்தான்."

"றாக்கையிலை கிடந்து டயர் பழுதாப் போகாதோ?"

"கிடக்க விடமாட்டன். ஒவ்வொரு தரமும் புது டயர் வரேக்க அது றாக்கைக்குப் போகும், றாக்கையில இருந்தது லொறிக்கு இறங்கும். ஒருக்காத்தான் செலவு. லொறி ஒரு நாள் நிக்காம ஓடினா அந்தச் செலவு ரெண்டு வருசத்தில திரும்பி வந்திடும்."

அவர் பக்கத்திலிருந்த லொறியின் முன்சில்லில் கையை வைத்தபடி நின்றார்.

"பாப்பம், பாப்பம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே தொடங்கினோம். முறையை நான் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். லொறியை மட்டமான தரையில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்கு மரக்கட்டை அணை கொடுக்க வேண்டும். ஜாக்கி வைக்கு முன்பே நட்டுகளை இளக்கிக்கொள்ள வேண்டும், தூக்கிய பிறகு இளக்கினால் சில்லும் சேர்ந்து சுற்றும். பூட்டும்போது ஒரு நட்டை இறுக்கி, அதற்கு எதிரே இருப்பதை இறுக்கி, அப்படியே குறுக்குக் குறுக்காகப் போக வேண்டும். ஐம்பது மைல் ஓடித் திரும்பியதும் எல்லாவற்றையும் இன்னொரு தரம் இறுக்க வேண்டும். ரீபில்ட் டயரை ஒருபோதும் முன்னுக்குப் போடக் கூடாது, பின்னுக்கு இரட்டைச் சில்லில் மட்டும். மழைக்காலம் முடிந்ததும் முன்சில்லு பின்னுக்குப் போகும், பின்னுக்கு ஓடியதில் உடம்பு நல்லதாக இருப்பது ரீபில்டுக்குப் போகும்.

பூ அளக்கக் கருவி வாங்கவில்லை. நாங்கள் விற்கிற தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, மருந்துப் பக்கத்தை டயரின் பூவுக்குள் விடுவேன். மருந்து முழுக்க மறைந்தால் ஹற்றனுக்குப் போகலாம். மருந்து வெளியே தெரிந்தால் அந்தச் சில்லு உலர்ந்த பக்கத்துக்கு. டிரைவர்மார் முதலில் என்னைப் பகிடி பண்ணினார்கள், ஸ்டீபன் மாத்தயா, ஸ்டீபன் ஐயா, டயருக்குக் காது குடைகிறார் என்று. குணபால கைக்கட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்த பிறகு யாரும் பகிடி பண்ணவில்லை. அவருடைய கை சற்றுக் கோணலாகவே பொருந்தியிருந்தது. அடுத்த வைகாசி மழையில் ஹற்றன் போய்வந்து, லொறியிலிருந்து இறங்கி ஒரு தீக்குச்சியை என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார். நன்றி என்ற சொல்லை நாங்கள் இருவரும் பாவித்ததே இல்லை.

இனி என் மடத்தனத்தைச் சொல்கிறேன்.

றாக்கையில் இருந்த ஏழு சில்லையும் யாராவது தெரியாமல் எடுத்து வேறு லொறிக்குப் பூட்டிவிடக் கூடாது என்று எனக்குப் பயம். அதனால் ஒரு பலகையில் வெள்ளைப் பெயின்றால் 'யாழ்ப்பாணம், 7' என்று எழுதி றாக்கையில் ஆணி அடித்தேன். குணபாலவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே என்று கீழே சிங்களத்திலும் எழுதினேன். விட்டேனா, ஒழுங்காக இருக்கட்டும் என்று ஆங்கிலத்திலும் எழுதினேன். வடக்கே டயர் அனுப்பத் தடையிருந்த யுத்த காலத்தில், கொட்டாஞ்சேனையில், ஒரு தமிழ் முதலாளியின் வளவில், ஏழு நல்ல டயருக்கு மேலே யாழ்ப்பாணம் என்று மும்மொழியில் போர்டு போட்ட புத்திசாலி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் காலை இராணுவமும் பொலிசும் வந்து எங்கள் தெருவைச் சுற்றிவளைத்தார்கள். அடையாள அட்டை பார்த்தார்கள், ஸ்டோரைத் திறந்து பார்த்தார்கள், எல்லாம் வழக்கமானதுதான். ஓர் அதிகாரி வளவுக்குள் வந்து றாக்கையின் முன்னே நின்றார். மூன்று வரியையும் நிதானமாக வாசித்தார்.

"மே மொனவாத? யாப்பனேட்ட யவனவாத?"

இவை என்ன, யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறீர்களா என்று கேட்டார். எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். ஜீப்பில் ஏறச் சொன்னார்.

குணபால அன்றைக்கு ஹற்றன் போக லொறியை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். இறங்கி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதிகாரியின் எதிரே வந்து நின்றார். கோணல் கையை நீட்டிக் காட்டினார். சிங்களத்தில் அவர் பேசியதை எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகமிருக்கிறது. இந்தக் கை முறிந்ததால்தான் சேர் இந்த றாக்கை வந்தது, இது அனுப்புகிற டயரில்லை, காத்திருக்கிற டயர், நீங்கள் பாதையைத் திறக்கிற அன்றைக்கு இதைப் பூட்டிக்கொண்டு முதலில் போகிறவன் நான் என்றார். ஆனாலும் ஜீப் என்னைப் பொலிஸ் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டுதான் போனது. நான் புத்தகத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் புத்தகம்தான் என்னைக் காப்பாற்றியது. ஏழு டயரின் இலக்கத்தையும் வளவிலிருந்து எழுதிக்கொண்டு வரச் செய்து, என் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். எந்த டயர் றாக்கைக்கு வந்தது, எது எப்போது இறங்கி எந்த லொறிக்குப் போனது என்று வருடக் கணக்காக இருந்தது. ஒன்றுகூட வடக்கே போகவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு விட்டார்கள். அந்தப் பலகையை முதலில் கழற்று என்று அதிகாரி சொன்னார், கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது.

வெளியே வாங்கில் முதலாளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குணபால, சாவி இன்னும் பையில். காலையிலிருந்து இருவரும் அங்கேதான். ஹற்றனுக்கு அன்று லொறி போகவில்லை. நான் முதலாளியிடம், என் பிழைதான் ஐயா, மன்னிக்க வேணும் என்றேன்.

"எழுதினது நீ. நினைச்சது நான்" என்றார். "வா, சாப்பிடுவம்."

பலகையைக் கழற்றினேன். வேறொன்றும் எழுதவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பாதை கடைசியில் திறந்தது. சமாதானப் பேச்சு வந்து, இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்திய காலம். ஐப்பசியில் அல்ல, சித்திரையில் திறந்தது! குணபாலவின் லொறிக்கு மலை மழைக்காக அந்த வாரம்தான் புது டயர் பூட்டியிருந்தோம், வாசம்கூடப் போகவில்லை. மாற்ற வேண்டிய தேவை ஒரு துளியும் இல்லை. ஆனாலும் முதலாளி வளவுக்கு வந்து றாக்கையைக் காட்டினார்.

"அதைப் பூட்டு."

"மாத்தயா, மேக்கத் அலுத்" என்று குணபால தலையில் கை வைத்தார். இதுவும் புதுசுதானே என்றார். முதலாளி அசையவில்லை. குணபால முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கியை எடுத்தார். நட்டை இளக்கத் தொடங்கும்போது அவர் முணுமுணுப்பு நின்றுவிட்டது. ஏழையும் அவரே பூட்டினார், யாரையும் தொட விடவில்லை. முதலாளி முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். ஐயர் இல்லை, நானே ஒரு தேசிக்காயைச் சில்லுக்கடியில் வைத்தேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தார்கள். வழியில் எத்தனையோ சோதனைச் சாவடிகளில் சாமானை இறக்கி ஏற்றிய களைப்பில் முதலாளி நேரே வீட்டுக்குப் போய்விட்டார். குணபாலதான் எனக்குக் கதை சொன்னார், பாதி தமிழ், பாதி சிங்களம். அக்கா வீட்டு வாசற் படலையில் நின்றாராம். தம்பியைப் பார்த்து அழவில்லையாம். லொறியைச் சுற்றி வந்து டயரைப் பார்த்தாராம்.

"அக்கா கேட்டது மல்லி, நாங்க ஐப்பசியிலதானே டயர் போடுறது, இது என்ன சித்திரையில புதுசு எண்டு."

"ஐயா என்ன சொன்னார்?"

"ஐயா சொன்னது, 'கொழும்பிலை மழை வைகாசியிலை அக்கா. அங்கை நாங்கள் சித்திரையிலைதான் போடுறது.' பிறகுதான் ரெண்டு பேரும் அழுதது."

அத்தனை வருட உத்தியோகத்தில் முதலாளி என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒன்று சுன்னாகம் போய், குணபாலவின் வாய் வழியாக வந்து சேர்ந்தது. எனக்கு அது போதும்.

அக்கா கொழும்புக்கு வர மறுத்துவிட்டார். வீட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது என்று கேட்டாராம். பரவாயில்லை, இனி நினைத்தபோது போகலாமே என்று முதலாளி சந்தோசமாகவே இருந்தார். ஏழு சில்லையும் குணபாலவின் லொறியிலேயே விடச் சொன்னார். றாக்கையில் பிறகு டயர் மாற்றுகிற மாதங்களில் மட்டும் சில்லுகள் இருக்கும். மற்ற நாட்களில் கிளீனர்மார் உடுத்துத் துவைத்த சாரம் காயப்போடுவார்கள்.

சில வருடங்களில் யுத்தம் மறுபடி மூண்டது, பாதை மறுபடி மூடியது. முதலாளிக்கு அப்போது முழங்கால் ஏலாது, வளவுக்கு வருவதில்லை. நிர்வாகம் வேறு கையில். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, யாரும் உத்தரவு போடவும் இல்லை. பாதை மூடிய வாரத்துச் சனிக்கிழமை நானும் குணபாலவும் சாரங்களை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஏழு சில்லைத் துடைத்து றாக்கையில் ஏற்றினோம். எனக்குச் சுன்னாகத்தில் ஒருவருமில்லை, அந்த ஊரை நான் கண்டதுமில்லை.

மறுநாள் பூசை முடிந்து வெள்ளவத்தைக்குப் போனேன். அவர் கடலைப் பார்த்தபடி சாய்மனைக் கதிரையில் இருந்தார். கோச்சி போகும்வரை காத்திருந்தேன்.

"ஐயா, ஏழு சில்லும் றாக்கையில ஏத்தியாச்சு."

திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது, துடைக்கவில்லை.

"குச்சி விட்டுப் பாத்தனியோ?"

"பாத்தனான் ஐயா. மருந்து மறையுது."

"அப்ப சரி" என்றார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்தபோது அந்த ஏழும் இரண்டாந்தரமும் போய் வந்தன. நான் ஓய்வு பெற்ற அன்று றாக்கையில் சாரம் காய்ந்துகொண்டிருந்தது.